கேட்டவர்களும் மறித்தவர்களும்

குசினியிலிருந்து இருப்பறைக்கு வந்தபோது என் கணவர் என் காலைப் பார்த்தார். “மற்றச் செருப்பு எங்கை?” என்று கேட்டார். குனிந்தேன். இடது காலில் செருப்பு இருந்தது. வலது கால் வெறுமையாக இருந்தது. கழன்ற செருப்பு குசினி வாசலில் கிடந்தது. அது கழன்றதும், நான் வெறுங்காலோடு நடந்து வந்ததும் எனக்குத் தெரியவில்லை.

அதற்கு இரண்டு கிழமைக்கு முன் எனக்கு வயிற்றோட்டம் வந்து மாறியிருந்தது. அந்தக் களைப்பு என்று நினைத்தோம். மறுநாள் இரண்டு பாதங்களிலும் எறும்பு ஊர்வதுபோல ஒரு விறுவிறுப்பு. அடுத்த நாள் அது முழங்கால் வரை ஏறியது. கோட்-டெ-நெய்ஜ் மெட்ரோவில் படியிறங்கும்போது கைப்பிடியை இரண்டு கைகளாலும் பற்றவேண்டியிருந்தது. பின்னால் வந்த மாணவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருவழியாக வீட்டுக்கு வந்து கதிரையில் அமர்ந்தேன். பிறகு எழும்ப முடியவில்லை.

எனக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, வாழ்வின் பெரும்பகுதியை மொன்ட்ரியாலில் கழித்தவள். ஓய்வுபெறும்வரை நகரின் கிழக்குப் பக்கத்து முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு உதவியாளராக இருந்தேன். குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, ஊட்டுவது, கட்டிலில் புரட்டிப் படுக்கவைப்பது என் வேலை. ஆகவே உடல் தளர்வதைப் பற்றி எனக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பவளுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

இந்த நோய் வந்தவர்களுக்கும், வயதான ஒருவரை எங்கே வைத்துப் பார்ப்பது என்று வீட்டில் வாக்குவாதப்படுகிறவர்களுக்கும் இது உதவலாம். அறிவுரை என்னிடம் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

பக்கத்து நகரான லவாலில் இருக்கும் எங்கள் ஒரே மகன் ரமணன் வந்து என்னை அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனான். அங்கே நடைக்கூடத்தில் ஒரு தள்ளுகட்டிலில் படுத்திருந்தேன். பொழுதுபட நரம்பியல் நிபுணர் வந்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். ஒரு சிறு சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினார். கால் துள்ளவேண்டும், துள்ளவில்லை. மற்றக் காலில் தட்டினார். அதுவும் சும்மா கிடந்தது. பிறகு முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனை (கீழ்முதுகின் முள்ளெலும்புகளுக்கிடையே ஊசி செலுத்தி, தண்டுவடத்தைச் சூழ்ந்திருக்கும் நீரை எடுத்துப் பார்ப்பது) செய்தார்கள்.

முடிவு வந்தபோது என்னைத் திரைச்சீலையிட்ட ஓர் இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். ரமணன் மருத்துவரை அதற்கு வெளியே மறித்தான். பிரெஞ்சில் சொன்னான்: “அம்மாவிடம் இதைச் சொல்லவேண்டாம். அவர் பயந்துவிடுவார். எதுவானாலும் என்னிடம் சொல்லுங்கள்.” திரைச்சீலை மெல்லியது. என் பிரெஞ்சு முதியோர் இல்லத்தில் படித்த பிரெஞ்சு. மருந்து, வலி, மரணம் பற்றிய சொற்களெல்லாம் அதில் உண்டு.

மருத்துவர் உள்ளே வந்தார். “உங்கள் மகன் தன்னோடு பேசச் சொல்கிறார். உங்களுக்கு எது விருப்பம்?” என்று கேட்டார்.

“எனக்கே சொல்லுங்கள்,” என்றேன்.

சொன்னார். நோயின் பெயர் கியான்-பரே (உடலின் எதிர்ப்புச் சக்தி, கிருமியை விட்டுவிட்டுத் தன் நரம்புகளின் உறையையே தாக்கும் நோய்). அது கீழிருந்து மேலே ஏறும். நெஞ்சுத் தசைகளைப் பிடித்தால் மூச்சுக்குழாய் போட்டு இயந்திரத்தில் விடவேண்டிவரும். பெரும்பாலானோர் தேறுவார்கள். ஆனால் மாதக்கணக்காகும். என் வயதில் இன்னும் மெதுவாக.

அவர் போனபின் ரமணன் கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி நின்றான். “ஏனம்மா கேட்டனீங்கள்?” என்றான். அவன் முகம் சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் இருப்பதுபோல் இருந்தது.

“எனக்கு வந்ததை நான் அறியவேணும் தம்பி.”

அப்படிச் சொன்னேனே தவிர, அன்று இரவு முழுவதும் மூச்சை எண்ணிக்கொண்டு கிடந்தேன். ஒவ்வொரு மூச்சும் முந்தியதைவிடச் சிறிதாக இருப்பதாகத் தோன்றியது. கேட்காமலே விட்டிருக்கலாம் என்று நினைத்தேன். என் மகன் தன் தலையில் சுமக்க நினைத்தது எவ்வளவு பாரம் என்று அப்போது தெரிந்தது. உண்மையைக் கேட்டவள் அதோடு தனியே படுத்திருக்கவும் வேண்டும். இதையும் யாராவது சொல்லவேண்டும் என்பதால் சொல்கிறேன்.

சில நாட்கள் இமியூனோகுளோபுலின் (இரத்ததானம் செய்தவர்களின் குருதியிலிருந்து பிரித்தெடுக்கும் எதிர்ப்புப் புரதம்) இரத்த நாளம் வழியே ஏற்றினார்கள். சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒரு குழாயைத் தந்து ஊதச் சொன்னார்கள். மூச்சின் அளவு இறங்கிக்கொண்டே போனது. கைகள் போயின. கரண்டி பிடிக்க முடியவில்லை; மூக்கில் ஒரு மயிர் விழுந்தால் தட்டிவிட முடியவில்லை. இயந்திரத்துக்குக் கொண்டுபோக ஆயத்தமாக இருந்தபோது, ஒரு காலையில் அளவு இறங்காமல் நின்றது. மறுநாளும் அதேயளவு. “ஏற்றம் நின்றுவிட்டது,” என்றார் மருத்துவர். நோய் என் தோள்களில் வந்து நின்றுவிட்டது.

அங்கிருந்து என்னைப் புனர்வாழ்வு மருத்துவமனைக்கு மாற்றினார்கள்.

முதல் நாள் காலை என்னைக் கழுவ வந்தவர் மரி-ஆஞ்ச் என்ற ஹெய்ட்டிப் பெண். மொன்ட்ரியால்-நோரில் இருந்து இரண்டு பஸ் ஏறி வருகிறவர். முகம், கழுத்து, கை, நெஞ்சு, பிறகு கீழே. ஒரு பக்கத்தைக் கழுவும்போது மற்றப் பக்கத்தைத் துவாயால் மூடினார். அந்த ஒழுங்கு எனக்குப் பாடம். எத்தனையோ பேரை அப்படிக் கழுவியிருக்கிறேன். அவர்களில் பலர் கழுவும்போது கூரையைப் பார்ப்பார்கள். ஏதோ யோசிக்கிறார்கள் என்று எண்ணியிருந்தேன். இப்போது நானும் கூரையைப் பார்த்தேன். யோசனை ஒன்றும் இல்லை. பார்ப்பதற்கு வேறு இடம் இல்லை, அவ்வளவுதான்.

நானும் இதே வேலை செய்தவள் என்று சொன்னதும் மரி-ஆஞ்ச் சிரித்தார். “அப்படியானால் எனக்குப் பயம். பிழை பிடிப்பீர்கள்.”

“தண்ணீர் கொஞ்சம் ஆறிவிட்டது,” என்றேன். உடனே மாற்றிக்கொண்டு வந்தார்.

தன் அம்மா போர்ட்-ஓ-பிரின்ஸில் இருக்கிறார் என்றார். அவரை ஒரு மைத்துனி பார்த்துக்கொள்கிறாள். “நான் உங்கள் முதுகைக் கழுவுகிறேன். அங்கே என் அம்மாவின் முதுகை வேறொருத்தி கழுவுகிறாள். என் முதுகுக்கு யார் வரப்போகிறார்களோ.” முறைப்பாடாகச் சொல்லவில்லை. துவாயைப் பிழிந்தபடி சொன்னார்.

என் அறையில் இன்னொரு கட்டில் இருந்தது. அதில் மதாம் லூசியென். எண்பதைத் தாண்டிய கியூபெக் பெண்மணி, பள்ளி ஆசிரியையாக இருந்தவர். இடுப்பெலும்பு முறிந்து வந்திருந்தார். காலையில் எழும்பியதும் உதட்டுக்குச் சாயம் பூசிக்கொள்வார். என்னை ‘மதாம் ஞானம்’ என்று கூப்பிடுவார். ‘ஞ’ அவருக்கு வாய்த்துவிட்டது. பிரெஞ்சிலும் அந்த ஒலி இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னார்.

என் பக்கத்தில் எந்நேரமும் ஆட்கள். என் கணவர் சபா மத்தியானம் பஸ்ஸில் சூப் கொண்டுவருவார். மாலையில் ரமணனும் மருமகள் நிரூபாவும் வருவார்கள். கிழமை முடிவில் சொந்தக்காரர். லூசியெனுக்கு ஒரு மகள், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வருவாள். என்னைப் பார்க்க வந்தவர்கள் தமிழில் குசுகுசுத்தார்கள். “பாவம் அந்த மனுசி. ஒரு பிள்ளை, அதுவும் கிழமைக்கு ஒருக்கா.” நானும் என் வேலைக்காலம் முழுவதும் அப்படித்தான் பேசியிருக்கிறேன். முதியோர் இல்லத்து ஊழியர் ஓய்வறையில் இத்தாலியரும் ஹெய்ட்டியரும் நாங்களும் ஒத்துப்போன ஒரே விடயம் அதுதான்.

ஆனால் அந்த ஞாயிறுகளை நான் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் கதிரையை இழுத்துப்போட்டு அமர்வாள். இருவரும் சீட்டு விளையாடுவார்கள். லூசியென் களவாகச் சீட்டை மாற்றி அளாப்புவார், மகள் கண்டுபிடிப்பாள், சண்டை பிடிப்பார்கள், சிரிப்பார்கள். அந்த வேளையில் தாதி ஏதாவது செய்ய வந்தால் லூசியென், “பிறகு, பிறகு,” என்று கையால் விரட்டிவிடுவார்.

ஒருநாள் கேட்டேன்: “மகளை இன்னும் கொஞ்சம் அடிக்கடி வரச்சொன்னால் என்ன? குளிக்கவார்க்க, தலைவாற உதவியாக இருக்குமே.”

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். “அவள் என் மகள். அவள் வந்தால் எனக்குப் பேசவேண்டும். கழுவுவதற்கு மரி-ஆஞ்ச் இருக்கிறாரே.”

என் பிள்ளைகள் வந்தால் நடப்பதை யோசித்தேன். நிரூபா வந்ததும் சட்டைக் கையை மடிப்பாள். ரமணன் என் காலைப் பிடித்துவிடுவான், தண்ணீர்ப் போத்தலை நிரப்புவான், தாதியிடம் போய் ஏதாவது கேட்பான். போகும்போது, “வாறம் அம்மா,” என்பார்கள். அவன் வேலையில் என்ன நடக்கிறது என்று பல கிழமைகளாக எனக்குத் தெரியாது.

கைகளில் கொஞ்சம் பலம் திரும்பத் தொடங்கியது. தொழில்வழிச் சிகிச்சையாளர் (குளித்தல், உண்ணுதல் போன்ற அன்றாடக் காரியங்களைத் திரும்பப் பழக்குபவர்) கத்ரீன், தடித்த பிடியுள்ள கரண்டி ஒன்றைத் தந்தார். சோற்றை அள்ளி வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி நெஞ்சில் விழுந்தது. நிரூபா பொறுக்கமாட்டாமல் கரண்டியை வாங்கி ஊட்டினாள். கத்ரீன் மரியாதையாகத்தான் சொன்னார்: “தயவுசெய்து கரண்டியை அவரிடமே கொடுங்கள்.”

ரமணன் தமிழில் வெடித்தான். “இவளுக்கு இரக்கமில்லையோ? அம்மா பசியோடை இருக்கிறா, இவ பாத்துக்கொண்டு நிக்கிறா.”

“அவ தன்ரை வேலையைச் செய்யிறா தம்பி,” என்றேன்.

“அப்ப எங்கடை வேலை என்ன?”

இரண்டு பக்கமும் அன்பு இருந்தது. ஒரு பக்கத்து அன்பு கையைக் கட்டிக்கொண்டு நின்றது; மற்றது கையைச் சும்மா வைத்திருக்க மறுத்தது. நடுவில் என் மடியில் சோறு சிந்திக் கிடந்தது. பசியும் இருந்தது. அந்தச் சோற்றுக் கோப்பையை முடிக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது.

அடுத்த சனிக்கிழமை நிரூபா, தானே என்னைக் குளிக்கவார்ப்பதாகச் சொன்னாள். வீட்டுக்கு வந்தால் தான்தானே செய்யவேண்டும், இப்போதே பழகலாம் என்றாள். மரி-ஆஞ்ச் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

நிரூபாவின் கை மெதுவானது. தண்ணீர் அளவான சூடு. ஒரு குறையும் சொல்லமுடியாது. ஆனால் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அவளுக்கு முன்னால் தலைவாராமல் வந்தது கிடையாது. இப்போது பிளாஸ்டிக் கதிரையில் உடுப்பெல்லாம் உரிந்துபோட்டபடி இருந்தேன். அழுகை வந்தது. தண்ணீரோடு தண்ணீராகப் போய்விடும் என்று விட்டுவிட்டேன். அவள் கண்டுவிட்டாள்.

துவட்டி, உடுப்புப் போட்டபின் சொன்னேன்: “பிள்ளை, நீர் செய்ததிலை ஒரு பிழையுமில்லை. எனக்குத்தான் ஏலாமல் கிடக்கு. மரி-ஆஞ்ச் செய்தால் நான் ஒரு நோயாளி. நீர் செய்யேக்கை நான் உம்மடை மாமி.”

அவள் கட்டில் விளிம்பில் அமர்ந்துவிட்டாள். “எனக்கும் பயந்தான் மாமி. விழுத்திப்போடுவனோ எண்டு பயம். செய்யாட்டில் மற்றவை என்ன சொல்லுவினமோ எண்டு அதைவிடப் பயம்.” பிறகு தன் வேலையிடத்தில் ஒரு மேற்பார்வையாளரோடு நடந்துகொண்டிருந்த இழுபறியைச் சொன்னாள். அதுவரை யாரிடமும் சொல்லவில்லையாம். அன்று வெகுநேரம் இருந்து பேசிவிட்டுப் போனாள். அப்படி நாங்கள் பேசியது அதுதான் முதல்தடவை.

லூசியென் போகும் நாள் வந்தது. வீட்டுக்குப் போகப்போகிறார் என்றே நினைத்திருந்தேன். இல்லை, ஒரு முதியோர் இல்லத்துக்கு. எப்போதோ தானே போய்ப் பார்த்து, தானே தெரிவு செய்து, முன்கூட்டியே பதிந்து வைத்திருந்தார். தன் அப்பார்ட்மென்ட்டை விடச் சம்மதித்ததும் தானே. தளபாடங்களில் எது வரவேண்டும், எது மகளுக்கு, எது தானத்துக்கு என்பதையெல்லாம் கட்டிலில் இருந்தபடி தொலைபேசியில் முடித்தார். அந்தத் தெளிவைப் பார்த்து எனக்கு மரியாதை வந்தது. எங்கள் வீடுகளில் இப்படி ஒரு முடிவை எடுக்க ஒரு கிழவியை யார் விடுவார்கள்?

புறப்படும் காலை மேலங்கி போட்டு, உதட்டுச் சாயம் பூசி, பையை மடியில் வைத்துக்கொண்டு சக்கர நாற்காலியில் இருந்தார். மகள் காரைக் கொண்டுவரக் கீழே போயிருந்தாள். என் கணவர் வழமைபோல வந்து, எனக்கு ஒரு தோடம்பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். ஒரு பாதியை லூசியெனிடம் நீட்டினார். லூசியென் அதைக் கையில் வாங்கிக்கொண்டு அழத் தொடங்கினார்.

என் கணவர் பழத்தைக் கீழே வைத்தார்.

“எல்லாவற்றையும் நானே தீர்மானித்தேன்,” என்றார். “அவள் ஒவ்வொன்றுக்கும் ‘உங்கள் விருப்பம் அம்மா’ என்றாள். நல்ல பிள்ளை. அவளை அப்படித்தான் வளர்த்தேன். அவள் கேட்டிருந்தாலும் அவளோடு போயிருக்கமாட்டேன்.” மூக்கைத் துடைத்தார். “ஆனால் ‘போகாதே’ என்று ஒருவரும் சொல்லவில்லை.”

என் கணவருக்குப் பிரெஞ்சு நன்றாக வராது. என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார். பிறகு சொல்கிறேன் என்றேன். மகள் வந்தாள். லூசியென் முகத்தை ஒழுங்காக்கிக்கொண்டு என் கையைப் பிடித்தார். எனக்கு அவருடைய விரல்களின் சூடு தெரிந்தது, அழுத்தம் தெரியவில்லை. நரம்புகள் அந்த அளவுக்குத்தான் திரும்பியிருந்தன.

அவர் போனபின் என் கணவருக்குச் சொன்னேன். அவர் மிச்சப் பழத்தைச் சுளைசுளையாகப் பிரித்தார்.

அடுத்த கிழமை எனக்கான கூட்டம் நடந்தது. கத்ரீன், மருத்துவர், சமூகப் பணியாளர் ஒருவர், நானும் சபாவும் ரமணனும். நான் ஊன்றுசட்டத்தைப் பிடித்துக்கொண்டு சில அடி நடக்கத் தொடங்கியிருந்தேன். இங்கிருந்து எங்கே போவது என்பதுதான் கேள்வி. சமூகப் பணியாளர் அதை என்னிடம் கேட்டார். ரமணன் பதில் சொன்னான்.

“அம்மா எங்களோடு லவாலுக்கு வருகிறார். கீழ்த்தட்டில் அறை ஆயத்தம். நான் வேலையில் லீவு எடுக்கிறேன். அம்மா அப்பாவைப் பற்றி நீங்கள் கவலைப்படவேண்டாம்.”

சமூகப் பணியாளர் குறித்துக்கொள்ளவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “மதாம்?”

எனக்கு என் வீடு வேண்டும் என்பது பல நாட்களாகத் தெரியும். லிஃப்ட் உள்ள கட்டடம், பக்கத்தில் கடை, பஸ், தெரிந்த முகங்கள். லவாலில் யன்னலால் பார்த்தால் ஒரு புல்வெளியும் இரண்டு கார்களும் தெரியும். பிள்ளைகள் காலையில் போனால் மாலையில்தான் வருவார்கள். ஆனால் லூசியென் அழுததைப் பார்த்தபின், ரமணன் சொன்னது வேறு மாதிரி என் காதில் விழுந்தது. அவன் எனக்காகப் பேசுகிறான் என்ற எரிச்சலுக்குள்ளே இன்னொன்றும் கேட்டது. போகாதே என்று ஒருவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

பிரெஞ்சில் சொன்னேன்: “நான் என் வீட்டுக்குப் போகிறேன். குளிக்கவார்க்க ஓர் உதவியாளர் வந்தால் போதும்.”

ரமணன் என் பக்கம் திரும்பினான். அந்த அறையில் அவர்கள் எல்லோரும் இருக்கத்தக்கதாகத் தமிழில் கேட்டான். “அப்ப நாங்கள் என்னத்துக்கு அம்மா இருக்கிறம்? பெத்த பிள்ளை இருக்க, காசுக்கு வாற ஆள் வந்து கழுவோணுமோ?”

“கழுவுறதுக்கு ஆள் வரட்டும். நீ இருக்கிறதுக்கு வா.”

“விளங்கேல்லை.”

“வா, இரு, கதை, சாப்பிடு. காலைப் பிடிக்காதை. எனக்கு மகன் வேணும் தம்பி.” அவன் எழும்பப் பார்த்தான். அவன் கையைப் பிடிக்க நினைத்தேன். என் கை மேசை வரைக்கும்தான் போனது. “போகாதை எண்டு நீ மறிச்சது எனக்குப் பெரிய விசயம். மறிக்காமல் விட்டிருந்தால் எனக்கு மனம் செத்திருக்கும். எண்டாலும் நான் வீட்டை போறன்.”

அவன் என் கணவரைப் பார்த்தான். “அப்பா, நீங்கள் சொல்லுங்கோவன்.”

சபா தன் தொப்பியை மடியில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். எழுபத்துநான்கு வயது. என்னைக் கல்யாணம் கட்டிய நாளிலிருந்து ஒரு தேத்தண்ணி போட்டுக் குடித்தவரல்ல. சூப் வைக்கவே நான் நோயில் விழுந்தபின்தான் பழகியவர். “அவவைத்தானே கேட்டவை,” என்றார். “அவ சொல்லிப்போட்டா.”

ரமணன் கோபித்துக்கொண்டான். ஒரு கிழமைக்கு மேல் வரவில்லை. நிரூபா மட்டும் தொலைபேசியில் பேசினாள். நான் செய்தது சரிதானா என்று ஒவ்வொரு நாளும் யோசித்தேன். இன்றைக்கும் யோசிக்கிறேன். என் தோழி ஒருத்தி, செயின்ட்-மிஷேலில் மகளோடு இருக்கிறாள். மகள்தான் அவளுக்கு எல்லாம் செய்கிறாள். இருவரும் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் வேறு. இந்தச் சாதாரண விடயத்தை எந்தச் சமூகமும் ஒத்துக்கொள்வதில்லை. ஒவ்வொன்றும் தன் வழிதான் அன்பு என்று நினைக்கிறது.

வீட்டுக்கு வந்த முதல் மாதம் கடினமானது. கிழமைக்கு இரண்டு நாள் காலையில் ஒரு பெண் வந்து குளிக்கவார்த்தார். மற்ற நேரம் நாங்கள் இருவரும்தான். ஒருமுறை சபா என்னைக் கட்டிலிலிருந்து தூக்கப் பார்த்து, இருவரும் கம்பளத்தில் இருந்துவிட்டோம். அவருக்கு முதுகில் பிடித்துக்கொண்டது. என்னால் எழும்ப முடியவில்லை. கட்டிலில் சாய்ந்தபடி இருந்தோம். “தம்பிக்கு ஃபோன் எடுப்பமோ?” என்று அவர் கேட்டார். எடுத்தால், ‘நான் அப்பவே சொன்னன்’ என்பான். எடுத்தோம். வந்தான். அதைச் சொல்லவில்லை. என்னைத் தூக்கி இருத்திவிட்டு, அப்பாவின் முதுகுக்கு எண்ணெய் பூசினான். பிறகு குசினிக்குள் போனவன், திரும்பி வந்து கதிரையை இழுத்துப்போட்டு என் முன்னால் அமர்ந்தான்.

“சரி, இருக்கிறன்,” என்றான். “என்ன கதைக்கிறது?”

எங்கள் இருவருக்கும் அது பழக்கமில்லாத வேலை. முதலில் பனியைப் பற்றிப் பேசினோம். பிறகு அவனுடைய வேலையைப் பற்றி. அதன்பின் சனிக்கிழமைகளில் வருகிறான். சில நாள் ஒரு மணித்தியாலம் சும்மா இருந்து தொலைபேசியைப் பார்த்துவிட்டுப் போவான். அதுவும் போதும். எனக்கு மூச்சு அடங்கிக்கொண்டு போன நாட்களில் நான் ஆசைப்பட்டது அந்த அளவுதான்.

லூசியெனோடு தொலைபேசியில் பேசுகிறேன். புதிய இடத்தில் சூப்பில் உப்பில்லை என்கிறார். சீட்டு விளையாட இரண்டு பேரைப் பிடித்துவிட்டாராம். அன்று அழுததைப் பற்றி அவரும் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை.

என் கைகள் ஏறத்தாழ முழுமையாகத் திரும்பிவிட்டன. பாதங்கள் திரும்பவில்லை. குதி நிலத்தை உணர்கிறது, விரல்கள் உணர்வதில்லை. பிற்பகல் ஆனால் ஒரு களைப்பு வருகிறது. தூங்கினால் போகாத களைப்பு. அது நிற்கும் என்றும் சொல்கிறார்கள், நிற்காமலும் விடலாம் என்கிறார்கள். முன்பு உடலை ஒரு வீடுபோல நினைத்திருந்தேன்; கதவைப் பூட்டிவிட்டு மறந்துபோகலாம். இப்போது அது கூடவே வாழும் ஓர் ஆள். அதைக் கேட்டுத்தான் எதையும் செய்யவேண்டியிருக்கிறது.

பனி கரைந்தபின் நாங்கள் இருவரும் மாலையில் நடக்கப் போகிறோம். எங்கள் கட்டடத்துக்குப் பக்கத்து வீதி அகலமானது. நடப்பவர்களுக்கான விளக்கு எரிந்து முடிவதற்குள் மறுகரைக்குப் போய்ச் சேர எங்களால் முடியாது. நடுத்திட்டில் நின்றுவிடுவோம். முதலில் வெட்கமாக இருந்தது. இப்போது எங்களுக்கு ஒரு வீதி என்பது இரண்டு விளக்கு. இடையிலுள்ள நேரத்தை யாருக்கும் கணக்குக் காட்டவேண்டியதில்லை.

போன கிழமை அப்படி நின்றபோது சபா சொன்னார்: “எனக்கு இப்பிடி ஏதும் வந்தால், என்னைக் கேட்டுப்போட்டுச் செய்யும்.”

“நீங்கள் ஒரு இல்லத்திலை விடச்சொன்னால்?”

“விடும்.”

இரண்டு பக்கமும் வாகனங்கள் போய்க்கொண்டிருந்தன. ஒரு பஸ் போனது, காற்று அடித்தது. அவர் தொப்பியைப் பிடித்துக்கொண்டார்.

“ஆனால் ஒருக்கா மறிச்சுப்போட்டு விடும்,” என்றார்.

ஓம் என்றேன். எதிரே விளக்கில் நடக்கும் உருவம் வெள்ளையாக எரிந்தது. அவர் என்னை இழுக்கவுமில்லை, முந்தவுமில்லை. நான் காலை எடுத்து வைத்தபின் தன் காலை எடுத்து வைத்தார்.